தலைக்கணக்கில் அடங்காத குடும்பங்கள்

உலகக் கடல்களில் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? 2022-இல் வெளியான ஒரு மதிப்பீடு ஏறக்குறைய 8.5 லட்சம் என்கிறது. வணிக வேட்டை தொடங்குவதற்கு முன் 20 லட்சம் அளவில் இருந்திருக்கலாம் என்றும் அதே மதிப்பீடு சொல்கிறது. பாதிக்கு மேல் போய்விட்டது என்றாலும், எட்டரை லட்சம் என்றதும் மனசுக்கு ஓர் ஆறுதல் வருகிறது. வேட்டையும் அநேகமாக நின்றுவிட்டது, இனி தொந்தரவு செய்யாமல் விட்டாலே பெருகிவிடும் என்று தோன்றுகிறது. இந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. பெண் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் ஆயுள் முழுக்கத் தாய்வழிக் குடும்பமாக வாழ்பவை. அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய குலத்தைச் சேர்ந்தவை. குலத்துக்குக் குலம் ஒலியும் வழக்கமும் மாறுகின்றன. அந்த வேறுபாடு மூத்தவற்றிடமிருந்து இளையவை கற்று வருவது. எனவே தலைகளை எண்ணி முடித்த பிறகும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது: எந்தக் குடும்பங்கள் நிலைத்திருக்கின்றன, எந்தக் குலம் தேய்கிறது?

இவை ஏன் கூடி வாழ்கின்றன என்பதற்கு விடை கடலாழத்தில் இருக்கிறது. இவற்றின் முக்கிய உணவு, வெயில் எட்டாத ஆழத்தில் திரியும் கணவாய். வளர்ந்த பெண் திமிங்கலம் அதைத் தேடி 400 மீட்டர் முதல் 1,200 மீட்டர் வரை இறங்கும். 40, 50 நிமிடம் மூச்சடக்கி வேட்டையாடும். மேலே வந்து பத்து நிமிடம்போல மூச்சுவாங்கிவிட்டு மறுபடியும் இறங்கும். புதிதாகப் பிறந்த கன்றால் அந்த ஆழத்துக்குப் போகவும் முடியாது, அத்தனை நேரம் மூச்சடக்கவும் முடியாது. தாய் கீழே இருக்கும் நேரமெல்லாம் அது மேற்பரப்பில் கிடக்க வேண்டும். திறந்த கடலில் ஒளிந்துகொள்ள ஒரு பாறைகூடக் கிடையாது. சுறாவும், ஓர்கா எனப்படும் கொலையாளித் திமிங்கலமும் சுற்றும் இடம் அது. ஒரு பெண் திமிங்கலம் நான்கு முதல் ஆறு ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈனுகிறது. வயிற்றில் சுமப்பதே ஓராண்டுக்கு மேல். பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு பாலூட்டுகிறது. இத்தனை பாடுபட்டுப் பெற்ற ஒன்றைப் பறிகொடுப்பது பெரிய இழப்பு. அதனால்தான் முறைவைத்து மூழ்குகிறார்கள், இந்தக் குடும்பத்துப் பெண்கள். கன்றுள்ள கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை, ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் மேலே இருக்கிறார் என்பதைக் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழக ஆய்வாளர் ஹால் வைட்ஹெட் 1996-இல் எழுதிக் காட்டினார். காவல் நிற்கும் விதம்கூட எங்கும் ஒன்றுபோல் இல்லை. கரீபியன் கடலில் ஒரு வழக்கம், சர்காசோ கடலில் வேறு வழக்கம்.

இந்தப் பிணைப்பு ஆபத்தில் எப்படி வெளிப்படும் என்பதற்கு 1997 அக்டோபரில் கலிபோர்னியாவுக்கு அப்பால் நடுக்கடலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒன்பது ஸ்பெர்ம் திமிங்கலங்களை முப்பதுக்கும் மேற்பட்ட ஓர்காக்கள் சூழ்ந்துகொண்டன. தாக்கப்பட்டவை தலைகளை உள்ளே வைத்து, வால்களை வெளியே நீட்டி, வட்டமாக நின்றன. ஓர்காக்கள் அலையலையாக வந்து கடித்து, வட்டத்திலிருந்து ஒன்றை இழுத்துப் பிரித்தால், உள்ளேயிருந்து ஒன்றிரண்டு வெளியே நீந்திப்போய் அதைத் திரும்பக் கூட்டி வந்தன. அப்படி வெளியே போனவற்றின்மேல் தாக்குதல் இன்னும் கடுமையானது, தெரிந்தும் போயின. குறைந்தது ஒன்று அங்கேயே இறந்தது, மற்றவையும் படுகாயமடைந்தன. இந்தக் குணத்தை விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் முன்பே அறிந்து வைத்திருந்தவர்கள் திமிங்கல வேட்டைக்காரர்கள். வேட்டைக் கப்பலில் மருத்துவராகப் போன தாமஸ் பீல் என்ற ஆங்கிலேயர் 1839-இல் எழுதிய நூலில், ஒரு பெண் திமிங்கலம் அடிபட்டால் மற்றவை விட்டு ஓடாமல் சுற்றி நிற்கும், அதனால் பலவற்றைக் கொல்ல முடியும் என்று பதிவு செய்திருக்கிறார். அவற்றின் பாசமே கொல்வதற்கான வழியாயிற்று. இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்காமல் இருக்காது.

இருந்தாலும், செத்த உடல்களை அறுத்துப் பார்த்து ஒரு சமூகத்தை அறிய முடியாது. உயிரோடு திரியும் திமிங்கலங்களைத் துன்புறுத்தாமல் பின்தொடர்ந்து கற்கும் முறை வளர்ந்த இடங்களில் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1979-இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, 1980-களின் தொடக்கத்தில் ‘டூலிப்’ என்ற சிறிய பாய்மரப் படகில் வைட்ஹெட்டும் ஜோனதன் கோர்டனும் மற்றவர்களும் இலங்கைக் கடலில், திருகோணமலைக்கு அப்பாலும், ஸ்பெர்ம் திமிங்கலங்களைப் பின்தொடர்ந்தார்கள். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிச் சத்தத்தைக் கேட்டுத் திசை பிடிப்பது, திமிங்கலம் மூழ்கும்போது உயரும் வாலைப் படமெடுத்து அதன் ஓரத்துக் கிழிசல்களைக்கொண்டு ஆளை அடையாளம் காண்பது என்பதே முறை. இதே முறையில் 1985 முதல் கலாபகஸ் தீவுகளிலும், 2005 முதல் கரீபியனின் டொமினிக்காவிலும் ஆண்டுக்கணக்கில் படங்கள் சேர்ந்தன. அப்போதுதான் சித்திரம் தெளிந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்களும் கன்றுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்; டொமினிக்காவில் அது ஏழு பேர் அளவுக்குச் சிறியது. பாட்டி, மகள், பேத்தி என்று உறவு நீள்கிறது. பெண் பிறந்த குடும்பத்திலேயே ஆயுளைக் கழிக்கிறது. ஆண், பத்து வயதை ஒட்டிப் பிரிந்து குளிர்ந்த கடல்களை நோக்கிப் போகிறது. பதினாறு மீட்டர் நீளம், பெண்ணைப்போல் மூன்று மடங்கு எடை என்று வளர்ந்து, இருபதுகளின் பிற்பகுதியில்தான் இணைசேர வெப்பக் கடலுக்குத் திரும்புகிறது. வந்தாலும் ஒரு குடும்பத்தோடு சில மணி நேரம் இருந்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போய்விடும். கன்றை வளர்ப்பதில் அதற்குப் பங்கில்லை.

குடும்பத்துக்கு மேலே இன்னொரு வட்டம் இருக்கிறது. என் வாதத்தின் உயிர்நிலை அதுதான். ஸ்பெர்ம் திமிங்கலங்கள் கூடி இருக்கும்போது சில சொடுக்கொலிகளைக் குறிப்பிட்ட தாளத்தில் எழுப்புகின்றன. ஆய்வாளர்கள் இதைக் கோடா என்கிறார்கள். வாட்கின்ஸும் ஷெவிலும் 1977-இல் முதலில் விவரித்தார்கள். டொமினிக்காக் குடும்பங்களிடம் அடிக்கடி கேட்பது ஒரு சொடுக்கு, இடைவெளி, இன்னொரு சொடுக்கு, இடைவெளி, பிறகு விரைவாக மூன்று. பசிபிக்கில் சில குடும்பங்கள் சம இடைவெளியில் சொடுக்கும். வேறு சில, கடைசிச் சொடுக்குக்கு முன் சற்று நிறுத்தும். 2003-இல் லூக் ரெண்டலும் வைட்ஹெட்டும் பசிபிக் பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோது, குடும்பங்கள் சில பெருங்குலங்களாகப் பிரிந்து நின்றன. ஒரு குலத்தில் ஆயிரக்கணக்கான திமிங்கலங்கள் இருக்கலாம்; ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் சிதறியிருக்கலாம். இரண்டு குலங்கள் ஒரே கடற்பகுதியில் திரிவதுண்டு. ஆனாலும் ஒரு குடும்பம் சில நாள் சேர்ந்து திரிய இன்னொரு குடும்பத்தைத் தேடினால், அது தன் குலத்துக் குடும்பமாகவே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பறவைக்குப் பறவை கூவல் மாறுவதைப்போல இதுவும் பரம்பரை அணுக்களில் எழுதப்பட்டதாக இருக்கலாமே? கன்று தாயோடு இருப்பதால் தாயின் மரபணுவும் தாயின் ஒலியும் சேர்ந்தே வரும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கேள்வி சரியானதுதான். பசிபிக் குலங்களின் மரபணுவை ஒப்பிட்டு 2012-இல் வந்த ஆய்வு, அந்த வேறுபாட்டைக்கொண்டு ஒலி வேறுபாட்டை விளக்க முடியவில்லை என்று முடித்தது. ஆண்கள் குலம் பார்க்காமல் இணைவதால், தந்தை வழியாக மரபணுக்கள் குலங்களுக்கிடையே கலந்துகொண்டே இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அப்படியானால் வாழும் இடத்தின் தன்மை காரணமா? ஒரே கடலில், ஒரே தண்ணீரில் இரண்டு குலங்கள் இருவேறு விதமாக ஒலிக்கும்போது இடத்தின்மேல் பழிபோட முடியாது. இதைவிடக் கூர்மையான சான்று 2022-இல் வந்தது. பசிபிக் முழுவதிலிருந்தும் சேர்ந்த 23,000-க்கும் மேற்பட்ட கோடாக்களைப் பகுத்ததில் ஏழு குலங்கள் தெரிந்தன. ஒவ்வொரு குலத்துக்கும் அடையாளமான கோடாக்கள், இன்னொரு குலத்தோடு இடம் பகிரும் அளவு கூடக்கூட, அதிகமாக வேறுபட்டு நின்றன. அடையாளமல்லாத பொதுக் கோடாக்களில் இந்தப் போக்கு இல்லை. இன்னார் என்று காட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் வேறுபாடு கூர்மையாகிறது. மரபணுவோ தண்ணீரோ இதைச் செய்யும் என்று நம்புவது கடினம்.

ஒலி மாறுவதால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். மாறுவது ஒலி மட்டும் என்றால் நானும் இவ்வளவு வலியுறுத்த மாட்டேன். கலாபகஸில் அருகருகே வாழ்ந்த இரு குலங்களில் ஒன்று தீவுகளை ஒட்டி வளைந்து வளைந்து மேயும்; மற்றது கரையிலிருந்து விலகி, நேர்கோட்டில் நீந்தும். வழக்கமான குளிர்ந்த ஆண்டுகளில் முதல் குலத்துக்கே இரை நன்றாகக் கிடைத்தது. எல் நினோ வந்து கடல் சூடானபோது இரண்டாவது குலம் முந்திக்கொண்டது. ஒரு வழக்கம் ஒரு காலத்துக்குப் பொருந்தும், இன்னொரு வழக்கம் மாறிய காலத்துக்குப் பொருந்தும். கடல் சூடேறிவரும் இக்காலத்தில், பொருந்தக்கூடிய வழக்கத்தைக் கையில் வைத்திருக்கும் குலம் முன்னதாகவே அழிந்துபோனால், மற்றக் குலத்தின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தும் அந்த அறிவு உடனே திரும்பி வந்துவிடாது. அதே கலாபகஸில் 1990-களின் முடிவுக்குள் இரண்டு குலங்களுமே காணாமல் போயின. 2013, 2014-இல் மறுபடி திமிங்கலங்கள் வந்தபோது வந்தவை வேறு இரண்டு குலங்கள். தலையெண்ணிக்கை மட்டும் எடுத்தவருக்கு, போனவை திரும்பிவிட்டன என்று தோன்றியிருக்கும்.

ஒருவர் அறிந்ததைப் பலர் கற்பதற்கு இன்னொரு சான்று பழைய வேட்டைக் கப்பல்களின் குறிப்பேடுகளில் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட பசிபிக்கில் புதிதாக வேட்டை தொடங்கிய பகுதிகளில், ஈட்டி எறிந்து வெற்றி கண்ட விகிதம் இரண்டரை ஆண்டுக்குள் 58 சதவீதம் சரிந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. எளிதில் சிக்குபவை முதலில் பிடிபட்டுத் தீர்ந்திருக்கலாம், முதலில் வந்த வேட்டைக்காரர்கள் கெட்டிக்காரர்களாக இருந்திருக்கலாம் என்ற மாற்று விளக்கங்களையும் அந்த ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தரவுகள் அவற்றோடு ஒத்துப்போகவில்லை. ஓர்காக்களுக்கு எதிராக வட்டமாகக் கூடி நிற்பது உதவும். படகில் வரும் மனிதனுக்கு எதிராக அதுவே மரணம். பாய்மரம் பின்தொடர முடியாதபடி காற்றுக்கு எதிராக நீந்துவது தப்ப வழி. அடிபட்டுப் பிழைத்த சிலவற்றின் பாடம் கூட்டத்தில் பரவியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் வந்தடைந்த முடிவு.

மனிதச் சொற்களை விலங்கின்மேல் ஏற்றுகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். எச்சரிக்கை தேவைதான். செட்டி என்ற ஆய்வுத் திட்டத்தினர் 2024-இல் டொமினிக்காவின் ஏறத்தாழ 9,000 கோடாக்களைப் பகுத்து, தாளம், வேகம், நடுவில் சேரும் கூடுதல் சொடுக்கு என்று சில கூறுகள் சேர்ந்து பலவிதமாக அமைவதைக் காட்டினார்கள். உடனே திமிங்கல மொழி கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்திகள் பறந்தன. கூறுகள் உண்டு என்பது உறுதி. எந்தக் கோடாவுக்கு என்ன பொருள் என்பதை அந்த ஆய்வு சொல்லவே இல்லை. மொழி என்று அவசரப்பட்டுச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் குடும்பம், குலம், கற்ற வழக்கம் என்பவை அப்படி ஏற்றிச் சொல்பவை அல்ல. யார் யாரோடு எத்தனை ஆண்டு திரிந்தார்கள், யார் யாரை ஒதுக்கினார்கள் என்று படமும் ஒலியும் வைத்து எண்ணிக் கண்டவை அவை. உறவைச் சொல்லாமல் இந்த விலங்கின் வாழ்க்கையை விவரிக்க முயன்றால், விவரணைதான் பொய்யாகும்.

இனி கரீபியனுக்கு வருவோம். ஷேன் கெரோவும் வைட்ஹெட்டும் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, தொடர்ந்து கவனித்த 16 குடும்பங்களில் 12 சுருங்கிவந்தன. மீன்பிடிக் கயிறுகளில் சிக்குவதும், கப்பல்கள் மோதுவதும், இரைச்சலும் அங்குள்ள ஆபத்துகள். ஏழு பேர் கொண்ட குடும்பத்தில் கன்று ஈனும் வயதுப் பெண் ஒன்று போனால், ஒரு காவலும் பல ஆண்டுப் பிறப்புகளும் சேர்ந்தே போகின்றன. உலகக் கணக்கின் எட்டரை லட்சத்தில் அந்த ஒன்று கண்ணுக்கே தெரியாது. இந்த உண்மை மெல்ல உறைக்கத் தொடங்கியிருக்கிறது. வலசை போகும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் 2017-இல், கிழக்கு வெப்பமண்டல பசிபிக்கின் ஸ்பெர்ம் திமிங்கலங்களைக் குலப் பண்பாட்டையும் கணக்கில் கொண்டு காப்பதற்கான கூட்டு நடவடிக்கையை ஏற்றுக்கொண்டது. 2023 நவம்பரில் டொமினிக்கா அரசு தன் மேற்குக் கரைக்கு அப்பால் கிட்டத்தட்ட 800 சதுர கிலோமீட்டரை ஸ்பெர்ம் திமிங்கலங்களுக்கான காப்பகமாக அறிவித்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் அந்தக் குடும்பங்கள் டொமினிக்காவின் எல்லைக்குள் மட்டும் வாழ்வதில்லை. வடக்கே குவாதலூப், தெற்கே மார்த்தினிக் கடல்களுக்கும் போய்வருகின்றன. அந்தத் தீவுகளின் கடலிலும் கப்பல் வேகமும் கயிறும் கட்டுப்படாத வரை, டொமினிக்காவின் காப்பகம் அந்தக் குலத்துக்குப் பாதி வீட்டைத்தான் காக்கிறது.