சிறுநீர் சொல்லும் சேதி

ஓசையற்ற வியாதி

ஆடி அமாவாசையன்று குழித்துறைத் தாமிரபரணிக் கரையில் முன்னோருக்குப் பலியிட்டு நீராடிவிட்டு, வாவுபலிப் பொருட்காட்சித் திடலில் பலாக்கன்றுக்கும் வாழைக்கன்றுக்கும் விலை பேசிக்கொண்டு நிற்கும் ஜனத்திரளைக் காணும்போதெல்லாம், இலையைப் புரட்டிப் பார்த்தே கன்றின் நோயைச் சொல்லிவிடும் இவர்களில் எத்தனை பேர் தம் சிறுநீரை ஒருமுறையேனும் சோதித்திருப்பார்கள் என்று எண்ணுவேன்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிப்பான்கள் உள்ளன. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. வடிப்பான்களில் பாதி அழியும்வரை இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள்கூடப் பெரும்பாலும் ஏறாது. கால் வீங்கி, பசி அற்று, மூச்சு வாங்கும் சமயத்தில்தான் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். பிரதான காரணங்கள், ஊரார் வாயில் சாதாரணமாக அடிபடும் 'சுகரும் பிரஷரும்'தான்.

யந்திரத்தின் விலை

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1962-இல், யந்திரத்தால் இரத்தத்தை வடிக்கும் டயாலிசிஸும், 1971-இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையும் நடைபெற்ற காலத்தில் அவை அபூர்வங்கள். இன்று அரசுக் காப்பீட்டில் டயாலிசிஸ் கிடைக்கிறது. 1993-இல் சென்னையில் தோன்றிய டேங்கர் அறக்கட்டளை போன்ற ஸ்தாபனங்களும் ஏழைகளுக்குக் கைகொடுக்கின்றன. ஆயினும் வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் யந்திரத்தருகே படுத்திருக்க வேண்டுமென்றால், விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவன் பிழைப்புக்கு என்ன செய்வான்? சிகிச்சை இலவசமானாலும் அவன் இழக்கும் கூலியை யார் ஈடுசெய்வது?

சோதனைக்குழாய் ஏந்திய பெண்கள்

நோயை முற்றுமுன் கண்டு தடுத்துவிடுவதே இக்கேள்விக்கு நான் அறிந்த சிறந்த விடை. அதை அளித்தவர் சென்னைச் சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணி. அவரது கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் சுமார் 25,000 ஜனங்களிடையே, அவ்வூர்ப் பெண்களையே பழக்கி வீடுவீடாக அனுப்பியது. சல்போசாலிசிலிக் அமிலத்தின் சில துளி பட்டுச் சிறுநீர் கலங்கினால் புரதம். பெனடிக்ட் கரைசலுடன் காய்ச்சுகையில் நீலம் மாறிப் பச்சையோ செங்கல் நிறமோ கண்டால் சர்க்கரை. பெரிய யந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இரத்தக் கொதிப்பு கண்டவர்களுக்கு ரெசர்பின் முதலான பழைய, மலிவான மாத்திரைகளையே கொடுத்தார்கள். புதுமை மோகம் கொண்ட வைத்திய உலகில் இதற்குத் தனித் துணிவு வேண்டும். செலவு, தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 27 அமெரிக்க சென்ட்!

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், கொதிப்பு மாத்திரைகளோடு வயிற்றுவழி டயாலிசிஸுக்குரிய திரவப் பைகளையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. வாவுபலித் திடலிலும் கன்றுக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சோதனை மேசை போட்டால் குற்றமில்லை என்பது என் அபிப்பிராயம்.

கருவாடும் பிலிம்பியும்

மரச்சீனிக்குக் கருவாடும் கஞ்சிக்கு ஊறுகாயும் இல்லாமல் இறங்காத நம் நாக்குக்கு உப்பைக் குறை என்பது கசக்கும். கொதிப்புள்ளவர் குறைத்தே ஆகவேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளும் ஆபத்தானவை. இவற்றைவிட விசித்திரமானது பிலிம்பிக்காய்ச் சாறு. கொழுப்பு கரையும் என்று நம்பி அதைப் பிழிந்து குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஆக்சலேட் படிகங்களாகிச் சிறுநீரகத்தில் அடைந்து திடீர்ச் செயலிழப்பு நேர்ந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் எழுதினார்கள். சிலரை டயாலிசிஸ்தான் காப்பாற்றியது. மீன்குழம்பில் புளிப்புக்கு இரண்டு காய் போடுவதை யாரும் குறை சொல்லவில்லை. டம்ளர் டம்ளராகக் குடிப்பதுதான் வினை.