தட்டைத்திரைக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு

டில்லியில் வாழும் தமிழன்பர் ஒருவர் நேரு பிளேஸ் கடைவீதியில் பழைய முப்பது அங்குல மானிட்டர் ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். குறுக்கே 2560, நெடுக்கே 1600 புள்ளிகள் கொண்ட நல்ல தட்டைத்திரை. வீட்டில் பொருத்திப் பார்த்தபோதோ எழுத்துகள் பருத்து மங்கித் தோன்றின. கிடைத்தவை 1280-க்கு 800 புள்ளிகளே. அவருடைய கணிப்பொறியில் இருந்தது லினக்ஸ். ஆகவே பழி முழுவதும் அதன் தலையில் விழுந்தது. விண்டோஸை விலைகொடுத்து வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டார். அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். நான் முதலில் பார்த்தது கேபிளை.

மானிட்டர் தனக்கு ஏற்ற அளவுகளைக் கேபிள் வழியாகத் தானே கார்டுக்குத் தெரிவிக்கிறது. லினக்ஸ் அதைக் கேட்டே திரையை அமைக்கிறது. எனவே குறை பெரும்பாலும் வழியில்தான் இருக்கும்.

அந்த மானிட்டரில் இருந்தது டி.வி.ஐ. என்னும் இணைப்பு. 1999-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறை அது. அதற்கு முன் வழங்கிய வி.ஜி.ஏ. முறையில், எண்களாக உள்ள படத்தைக் கார்டு மின்னலைகளாக மாற்றி அனுப்ப, தட்டைத்திரை அவற்றை மீண்டும் எண்களாக்கிக் கொள்ளும். இரு முறை மாறுவதில் கூர்மை சிறிது கெடும். டி.வி.ஐ.யில் எண்கள் எண்களாகவே செல்கின்றன. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒற்றை வழி இணைப்பில் விநாடிக்குப் பதினாறரைக் கோடி புள்ளிகள் வரையே செல்லும். 1920-க்கு 1200 திரையை விநாடிக்கு 60 முறை வரைய 13 கோடி 82 லட்சம் புள்ளிகள் வேண்டும். வரிகளுக்கிடையே விடும் ஓய்வு நேரத்தைக் குறுக்கினால் எல்லைக்குள் அடங்கிவிடும். நம் அன்பரின் திரைக்கோ 24 கோடி 57 லட்சம் புள்ளிகள் தேவை. அதற்கு இரட்டை வழி இணைப்பு வேண்டும்.

இரண்டையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். இரட்டை வழி முனையில் மூன்று வரிசைகளில் 24 ஊசிகள் நிரம்பியிருக்கும். ஒற்றை வழி முனையில் நடுவே ஆறு ஊசிகள் இரா. அன்பரின் கேபிள் குறையற்றது. ஆனால் அவருடைய கார்டில் எச்.டி.எம்.ஐ. வாய் மட்டுமே இருந்தமையால், கடைக்காரர் கொடுத்த சிறிய மாற்றுமுனையை இடையில் செருகியிருந்தார். அத்தகைய எளிய மாற்றுமுனை ஒற்றை வழியை மட்டுமே கடத்தும். முனையில் ஊசிகள் எத்தனை இருந்தாலும் பயனில்லை!

இன்றைய புதிய கார்டுகளில் டி.வி.ஐ. வாயைக் காண்பதரிது. டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து இரட்டை வழிக்கு மாற்றித் தரும் மின்னூட்டக் கருவிகள் உண்டு. ஆயினும் அவற்றின் விலையில் பழைய கார்டு ஒன்றே கிடைத்துவிடக் கூடும்.

எந்தக் கார்டு என்னும்போதுதான் லினக்ஸ் குறுக்கே வருகிறது. ஏ.எம்.டி. கார்டுகளை இயக்கும் அம்டிஜிபியு என்ற டிரைவர் 2015-இல் லினக்ஸ் 4.2 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஃபர்ம்வேர் கோப்புகளும் உடனிருந்தால் தனியே எதையும் நிறுவ வேண்டுவதில்லை. என்விடியாவின் நிலை வேறு. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளை நூவோ என்னும் பொது டிரைவர் இயக்குமேயன்றி, முழு வேகத்திற்கு உயர்த்த இயலாது. முழு வேகம் வேண்டுவோர் அக்கம்பெனியின் சொந்த டிரைவரை நாட வேண்டும். அதுவும் பழைய கார்டுகளை அவ்வப்போது கைவிட்டு வருகிறது. ஆகவே ஏ.எம்.டி.யையே பரிந்துரைத்தேன். 2017-இல் வெளிவந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 570, 580 கார்டுகள் பலவற்றில் இரட்டை வழி டி.வி.ஐ. வாய் உண்டு. எட்டு ஊசி மின்னிணைப்பு தம் கணிப்பொறியில் உள்ளதா என்பதை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய 4கே மானிட்டர் வாங்குவோருக்கும் ஒரு சொல். எச்.டி.எம்.ஐ. 2.1 முறையைத் திறந்த டிரைவரில் சேர்க்க ஏ.எம்.டி. முயன்றபோது, அம்முறையைக் காக்கும் மன்றம் 2024-இல் இசைவு மறுத்தது. ஆதலின் விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையெனில் டிஸ்பிளேபோர்ட் வழியே இணைப்பது நலம்.

அன்பர் மறுவாரம் கடைக்குச் சென்றபோது, நிறுவாமலே இயங்கும் லினக்ஸைப் பென்டிரைவில் எடுத்துச் சென்றார். கார்டைக் கடைக்காரரின் கணிப்பொறியில் பொருத்தி, தம் மானிட்டரையும் கேபிளையும் இணைத்து இயக்கச் சொன்னார். திரை அமைப்பில் 2560-க்கு 1600 என்ற எண் தோன்றிய பிறகே பணத்தை எடுத்தார்.