இடம்பெயர்ந்தவர் வீட்டில் விருந்தினராய்

விருந்தோம்பலுக்கென்றே தனியோர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். வந்தவரை முகமலர்ந்து ஏற்பதன் சிறப்பைத் தமிழ் நூல்கள் பலவாறு பேசுகின்றன. ஆனால், வந்தவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. பெருந்துன்பத்தைக் கடந்து மீண்டதொரு பிரதேசத்தில் பிரயாணம் செய்வோர்க்கு இச்சிந்தனை இன்றியமையாதது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் உடுவிலில், ஒரு குடும்பத்தாருடன் சில நாட்கள் தங்கியபோது இதனை நாம் நன்குணர்ந்தோம்.

யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கொக்குவில், இணுவில் முதலிய ஊர்களைக் கடந்து மருதனார்மடத்தை அடைவர். அதனை அடுத்துள்ளது உடுவில். அமெரிக்க மிஷனரிமார் 1824ஆம் ஆண்டில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை நிறுவிய ஊர் இது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பெண்கள் கல்லூரியும் அயலிலுள்ள மருதனார்மடத்திலேயே இருக்கிறது. செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் விளைகின்றன. வேலிகளுக்கப்பால் பனைகள் நிமிர்ந்து நிற்கின்றன. 1990இல் யுத்தத்தினால் நின்றுபோன புகையிரதம் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்து சேர்ந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இங்கே ஒன்றுமே நிகழாதது போலத் தோன்றும்.

நமக்கு இடமளித்த அம்மையார் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கிறார்கள். அவர்கள் படித்த அறையே இன்று விருந்தினர் அறை. “வாங்கோ, இருங்கோ” என்று அழைத்து, வெறுந்தேநீரும் பனங்கட்டியும் தந்தார். காலையில் பிட்டு, இரவில் இடியப்பமும் சொதியும். பழைய கதை எதனையும் நாம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, விறாந்தையில் அமர்ந்திருக்கையில் அவராகவே சொல்லத் தொடங்கினார்.

1995 அக்டோபர் 30ஆம் நாள். இராணுவம் யாழ் நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டுமென்று விடுதலைப் புலிகள் அறிவித்தனர். நகரும் வலிகாமமுமாக நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், நாவற்குழிப் பாதையாலும் கோப்பாய் - கைதடிப் பாதையாலும் தென்மராட்சி நோக்கி நடந்தனர். மழையிருளில் அடிமேல் அடிவைத்துத்தான் நகர முடிந்தது. கோயில்களும் பாடசாலைகளும் நிரம்பின. தென்மராட்சி மக்கள் தத்தம் வீடுகளைத் திறந்துவிட்டனர். கொடிகாமத்தில் முன்பின் அறியாத ஒரு குடும்பம், அம்மையாருக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் அறையைக் கொடுத்தது. 1996 ஏப்ரலுக்குப் பின்னர் ஒரு பகுதியினர் வன்னிக்குச் சென்றனர். மற்றையோர் ஊர் திரும்பினர். அம்மையாரும் உடுவிலுக்கு மீண்டார்.

2000ஆம் ஆண்டில் யுத்தம் தென்மராட்சியைச் சூழ்ந்தது. சாவகச்சேரி நகரம் சிதைந்தது. அப்பகுதி மக்கள் வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் ஓடிவந்தனர். ஒருநாள் அம்மையாரின் படலையைத் தட்டியவர்கள் அந்தக் கொடிகாமத்துக் குடும்பத்தினரே! “நாங்கள் அவையின்ரை வீட்டிலை ஆறு மாதம் இருந்தனாங்கள். பிறகு அவை எங்கடை வீட்டிலை இருந்தவை. ஆர் விருந்தாளி, ஆர் வீட்டுக்காரர் எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை” என்றார் அவர். தைப்பொங்கல் தோறும் இரு குடும்பங்களும் இன்றும் ஒன்றுகூடுகின்றன.

வாசகர்களே! யாழ்ப்பாணத்தில் நமக்குப் பாய்விரித்துச் சோறிடும் வீட்டார் பலர், ஒருகாலத்தில் பிறர் முற்றத்தில் பாய்விரித்துப் படுத்தவர்கள். அவர்களுடைய உபசாரம் வெறும் வழக்கமன்று. பட்டறிந்து பெற்ற பண்பு. ஆதலின் விருந்தினராகிய நமக்கும் சில கடமைகளுண்டு.

முதலாவது, துயரத்தைக் கிளறிக் கேட்டல் ஆகாது. யார் இறந்தார், எதனை இழந்தீர்கள் என்பன விருந்தினர் தொடுக்கும் வினாக்களல்ல. சொல்ல விரும்புவோர் சொல்வர். அப்போது பொறுமையாகக் கேட்பதே நம் பணி. இடிந்த சுவரைப் படம்பிடிக்குமுன் உடையவரின் அனுமதியைப் பெறவேண்டும்.

இரண்டாவது, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையினூடே இறங்கித் தங்கும் நிலத்தடி நீரையே கிணறுகள் தருகின்றன. அதனை அளவின்றி இறைத்தால் உவர்நீர் ஏறிவிடும்.

மூன்றாவது, பேசிய பணத்தைப் பேரமின்றிக் கொடுத்தல். வேண்டாமென மறுத்தாலும், மரியாதையாக வைத்துவிட்டு வருக. பழங்களையும் பனம்பொருட்களையும் சுன்னாகம் சந்தையில் வாங்கினால், நம் பணம் உழைப்பவர் கைக்கு நேரே சென்று சேரும்.

மீட்சி எங்கும் ஒரேயளவில் நிகழ்ந்துவிடவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோர் பலர், சுன்னாகம், மல்லாகம் பகுதி நலன்புரி நிலையங்களில் நெடுங்காலம் வாழ்ந்தனர். அவர்தம் காணிகள் 2009க்குப் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன; எனினும் தம் வளவுக்குத் திரும்பக் காத்திருப்போர் இன்னமும் உளர்.

விடுமுறையில் பிள்ளைகளை வடக்கே அழைத்துச் செல்லும் பெற்றோர், நல்லூரையும் கோட்டையையும் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. இரண்டொரு நாளேனும் ஒரு வீட்டில் தங்குக. பாடநூலில் சில வரிகளாகப் படிக்கும் இடப்பெயர்வு, ஒரு குடும்பத்துக்கு எத்தகையது என்பதை மாணவர் அங்கே அறிவர். அதனினும் மேலாக, அந்நியருக்குக் கதவு திறந்தவர்களும் நம்மவரே என்ற பெருமிதத்தோடு வீடு திரும்புவர்.