அமைதியாக அமரும் ஐந்து நிமிடங்கள்

இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வருவோரிடம் செவிலியர் முதலில் கூறுவது, "சற்று நேரம் பேசாமல் அமருங்கள்" என்பதே. பேருந்தைப் பிடித்து, வரிசையில் நின்று, டோக்கன் பெற்று, படியேறி வந்தவருக்கு இது வீண் தாமதமாகத் தோன்றக்கூடும். ஆயினும் முறையான அளவீட்டில் இது விட்டுவிடக் கூடாத படியாகும். முதுகை நாற்காலியில் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, குறைந்தது 5 நிமிடம் அமைதியாக இருந்த பின்னரே கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், புகைபிடித்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அளக்கும்போது பேசிக்கொண்டிருந்தாலோ, சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலோ, அளவு 10 புள்ளிகள் வரைகூட உயர்ந்து காட்டலாம். அவ்வாறு உயர்ந்து தெரியும் எண்ணை உண்மை எனக் கொண்டால், ஒருவருக்குத் தேவையற்ற மாத்திரை சேர்ந்துவிடவும் வாய்ப்புண்டு.

ஐந்து நிமிட அமைதி உடலில் அளந்து அறியத்தக்க மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. அந்த அமைதியைப் பரிசோதனை அறைக்கு வெளியேயும் பழகிக்கொண்டால் நோயாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையிருப்போருக்கும் என்ன நன்மை விளையும், அதன் எல்லை எதுவரை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

உடல் ஏன் பதறுகிறது?

நம் விருப்பத்தை எதிர்பாராமல் தாமே இயங்கும் நரம்புகள் உடலில் இரு வகையாக அமைந்துள்ளன. ஒன்று பரிவு நரம்பு மண்டலம். ஆபத்து நேர்கையில் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலை ஆயத்தம் செய்வது. அது விழித்துக்கொண்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. மற்றொன்று துணைப்பரிவு நரம்பு மண்டலம். ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் உரியது. மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை செல்லும் வேகஸ் நரம்பு இதன் முதன்மையான பாதையாகும்.

வழியில் பாம்பைக் கண்டால் பரிவு நரம்புகள் விழிப்பது உயிர்காக்கும் செயல். ஆனால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் மூன்று நாள்களும், மருத்துவச் செலவைப் பற்றிய கணக்கும், வீட்டில் தனியே விட்டுவந்த குழந்தைகளைப் பற்றிய எண்ணமும் அதே நரம்புகளையே தட்டி எழுப்புகின்றன. ஓடித் தப்ப முடியாத ஆபத்து இது. எனவே உடல் ஆயத்த நிலையிலேயே தங்கிவிடுகிறது. உறக்கம் குறைகிறது, வலி மிகுந்து தெரிகிறது, பசி மறைகிறது, நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவும் ஏறுகிறது.

இந்த நரம்புகளுக்கு நேரடியாகக் கட்டளையிட நம்மால் இயலாது. 'இதயமே, மெதுவாகத் துடி' என்றால் அது கேட்பதில்லை. ஆனால் மூச்சு ஒரு விதிவிலக்கு. அது தானாகவும் நடக்கும். நம் விருப்பத்துக்கும் இணங்கும். மூச்சை உள்ளிழுக்கையில் இதயத்துடிப்பு சிறிதே விரைகிறது. வெளிவிடுகையில் வேகஸ் நரம்பின் வழியே சிறிதே தணிகிறது. ஆகவே வெளிமூச்சை நீளச் செய்தால் தணிவுக்குரிய நேரமும் நீள்கிறது. மூச்சைக் கவனிக்கும் பயிற்சிகள் பல்வேறு நாடுகளில் தனித்தனியே தோன்றி வளர்ந்ததற்கு இந்த உடலமைப்பும் ஒரு காரணமாகலாம்.

மருத்துவமனைக்குள் வந்த தியானம்

தமிழகத்துக்கு இப்பயிற்சி புதிதன்று. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்தைப் பற்றியதே. எனினும் நவீன மருத்துவம் இதனை அளந்து பார்க்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், தியானம் செய்வோரின் மூச்சு எண்ணிக்கையும் ஆக்சிஜன் தேவையும் குறைவதைத் தம் குழுவினருடன் பதிவு செய்தார். பதற்றத்துக்கு எதிரான ஒரு தளர்வு நிலை உடலுக்கு இயல்பாகவே உண்டு என்று விளக்கி, 1975இல் அவர் நூல் வெளியிட்டார்.

1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். நீண்ட கால வலி, மன உளைச்சல் போன்றவற்றுக்கு மருத்துவம் போதிய தீர்வு தராத நோயாளிகளே அவரிடம் அனுப்பப்பட்டனர். வாரம் ஒரு வகுப்பு, நாள்தோறும் வீட்டுப் பயிற்சி, மூச்சைக் கவனித்தல், கால் முதல் தலை வரை உடலுணர்வை வரிசையாகக் கவனித்தல், எளிய யோகாசனங்கள் ஆகியவை அதில் இருந்தன. இன்று உலகின் பல மருத்துவமனைகளில் அப்பயிற்சி நடைபெறுகிறது.

2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியான ஒரு சிற்றாய்வு எங்களுக்கு மிகவும் விருப்பமானது. இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும் 23 பேரைச் செபமாலையின் மரியன்னை மன்றாட்டை இலத்தீனிலும், பௌத்த மந்திரம் ஒன்றையும் ஓதச் செய்தனர். இரண்டிலும் மூச்சு, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்னும் அளவுக்கு இறங்கிற்று. ஓய்வாக இருக்கும் ஒருவர் வழக்கமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அது ஆறாகக் குறைந்தபோது, இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடலின் தன்னியக்க ஏற்பாடு கூடுதல் திறனுடன் இயங்கியதை அவர்கள் கண்டனர். எனவே மந்திரம் ஓதுபவரும், செபமாலை உருட்டுபவரும், தஸ்பீஹ் மணிகளை எண்ணுபவரும் தத்தம் வழக்கத்தையே நிதானமாகச் செய்யலாம். எச்சமயமும் சாராதவர் மூச்சை மட்டும் எண்ணலாம்.

நன்மைகளும் எல்லைகளும்

இதுவரை நடந்த ஆய்வுகளை நடுநிலையோடு பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. 2014இல் 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தியானப் பயிற்சி பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைப்பதாகத் தெரிந்தது. அதே தொகுப்பு, உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறிற்று. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துகளுக்கு முன் முயன்று பார்க்கத்தக்க வழிகளுள் ஒன்றாக இப்பயிற்சியை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் தன் வழிகாட்டலில் சேர்த்தது. அதே ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கம், இதய நோய் அபாயத்தைக் குறைக்கும் வழக்கமான சிகிச்சைகளுக்குத் துணையாகத் தியானத்தைக் கருதலாம்; அவற்றுக்கு மாற்றாக அன்று என்னும் நிலைப்பாட்டை எடுத்தது.

துணை என்னும் இச்சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். தியானம் தொடங்கிவிட்டோம் என்பதற்காக இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவோர் உண்டு. அது ஆபத்தானது. அளவுகள் சீரடைந்தால் மாத்திரையைக் குறைப்பது குறித்து மருத்துவரே முடிவு செய்வார். அதுபோலவே நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் அமைதியாக அமர்ந்து பார்ப்போம் என்று காத்திருத்தல் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

துணையிருப்போருக்கு ஒரு சொல்

நோயாளிக்குக் கட்டில் உண்டு. நேரத்துக்கு உணவும் மருந்தும் உண்டு. துணையிருப்பவருக்கோ பெரும்பாலும் ஒரு பாயும் நெகிழிக் கூடையும்தான். மருந்துச் சீட்டோடு ஓடுவதும், உறவினர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும், இரவில் விழித்திருப்பதும் அவருடைய பொறுப்பு. தம்மைப் பற்றி நினைப்பதே குற்றம் என்று அவர்களுள் பலர் எண்ணுகின்றனர்.

அவர்களுடைய கவனம் சிதறினால் அதன் விளைவு நோயாளியைத் தாக்குகிறது. உணவுக்கு முன் தர வேண்டிய மாத்திரை பின் என்று மாறிவிடலாம். அடுத்து வர வேண்டிய நாள் தவறிவிடலாம். 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் நடத்திய ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு மனம் செய்யும் செயலை விட்டு வேறெங்கோ அலைவதாகத் தெரிந்தது. அவ்வாறு அலையும் வேளைகளில் மகிழ்ச்சியும் குறைந்தே இருந்தது. கவலையற்ற வாழ்விலேயே இந்நிலை என்றால், கவலையோடு நிற்பவரின் மனம் அலைவதில் வியப்பில்லை. அவரிடம் குறையும் இல்லை.

ஆகவே துணையிருப்போர் அமைதியாக அமரும் சில நிமிடங்களைத் தன்னலமாகக் கருத வேண்டா. அது பராமரிப்பின் ஒரு பகுதியே. மருத்துவர் வார்டுக்கு வருமுன் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு மூன்று முறை நிதானமாக மூச்சு விடுங்கள். அவர் கூறியதைக் கேட்ட பின், "நான் புரிந்துகொண்டது சரிதானா?" என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். இதனை எங்கள் மருத்துவர்கள் வரவேற்கவே செய்வர்.

செய்யும் முறை

தனி அறையும் விரிப்பும் தேவையில்லை. கட்டிலிலோ காத்திருப்போர் நாற்காலியிலோ இருந்தபடியே செய்யலாம்.

1. முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து அமருங்கள், இயலாதவர்கள் படுத்திருக்கலாம். தோள்களையும் தாடையையும் தளர விடுங்கள். கண்களை மூட அச்சமாயிருந்தால் தரையில் ஓரிடத்தைப் பாருங்கள்.

2. ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். மூக்கின் வழியே மெல்ல மூச்சை இழுக்கையில் வயிறு எழுவதை உணருங்கள். உள்ளிழுக்க நான்கு வரை, வெளிவிட ஆறு வரை மனத்துக்குள் எண்ணுங்கள். கடினமாக இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

3. மனம் அலைந்தால் அதனோடு போராடாதீர்கள். அலைந்ததை அறிந்து, அடுத்த மூச்சுக்குத் திரும்புங்கள். அவ்வாறு திரும்புவதே பயிற்சி. நூறு முறை அலைந்தால் நூறு முறை திரும்பலாம்.

4. முதல் வாரம் நாளொன்றுக்கு இருவேளை, வேளைக்கு 5 நிமிடம் போதும். பின்னர் 10, 15 நிமிடமாக நீட்டலாம்.

நேரமே இல்லை என்போருக்கும் ஒரு வழியுண்டு. சோப்பால் கைகளை முறைப்படி கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். நோயாளியைத் தொடுமுன்னும் பின்னும் எப்படியும் கை கழுவ வேண்டியிருக்கிறது. அவ்வொரு நிமிடம் தண்ணீரின் தண்மை, சோப்பின் வழுவழுப்பு, விரலிடுக்குகள் ஆகியவற்றில் மட்டும் கவனம் வையுங்கள். நோய்த்தொற்றும் குறையும், மனமும் ஒரு நிமிடம் இளைப்பாறும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குச் செல்வோருக்கும் இது கைகொடுக்கும். குறுகிய குழாய்க்குள், பேரொலிக்கிடையே, பெரும்பாலும் அரை மணி நேரம் அளவுக்கு அசையாமல் படுத்திருக்க வேண்டும். அசைந்தால் படம் தெளிவிழக்கும். மீண்டும் எடுக்க நேரலாம். முதல் நாளே வீட்டில் படுத்தபடி மூச்சை எண்ணிப் பழகியவருக்கு அந்த நேரம் எளிதாகக் கழியும். உள்ளே செல்லுமுன் தரப்படும் அழைப்புப் பொத்தான் கையில் இருப்பதையும் மறவாதீர்கள்.

யாரெல்லாம் கேட்டுச் செய்ய வேண்டும்?

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் கருவுற்ற தாய்மாரும் மூச்சை அடக்கும் பயிற்சிகளையும், மூச்சை விசையோடு விரைந்து விடும் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். தலைசுற்றலோ விரல்களில் மரமரப்போ தோன்றினால் எண்ணுவதை நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள். வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இயன்முறை மருத்துவர் கற்பித்த மூச்சுப் பயிற்சியையே முதன்மையாகச் செய்ய வேண்டும்.

கடும் மனச்சோர்வு, பிறருக்குக் கேளாத குரல் கேட்டல், பழைய கொடிய நிகழ்வுகள் கண்முன் வந்து அச்சுறுத்தல் ஆகியவை உள்ளவர்களுக்கு நெடுநேரத் தியானம் சில வேளைகளில் துன்பத்தைக் கூட்டக்கூடும். அவர்கள் மனநல மருத்துவரின் ஆலோசனையோடு தொடங்குவதே நலம். கண்மூடி அமர்ந்ததும் அழுகை வந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் துயரம் நாள்தோறும் பெருகினால் எங்களிடம் கூறத் தயங்காதீர்கள்.

நோய் எப்போது தீரும், முடிவு என்னவாகும் என்பன பல நேரங்களில் நம் கையில் இல்லை. அடுத்த ஒரு மூச்சை நிதானமாக விடுவது இருக்கிறது. அடுத்த முறை செவிலியர் உங்களைப் பேசாமல் அமரச் சொல்லும்போது, அந்த ஐந்து நிமிடத்திலிருந்தே தொடங்கிப் பாருங்கள்.