இரத்த அழுத்தம் அளக்கும் கைப்பட்டை

கவரைப்பேட்டையில் எம் இல்லத்திற்கு அடுத்த இல்லத்து வாலிபர் ஒருவர் சுமை ஏற்றியும் இறக்கியும் உரமேறிய கைகளை உடையவர். சென்ற ஆண்டு தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். உடற்தகுதிச் சான்றிதழ் ஒன்றே எஞ்சியிருந்தது. பரிசோதித்த இடத்தில் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றிப் பார்த்தபொழுது யந்திரம் 146/92 எனக் காட்டிற்று. இரத்தக் கொதிப்பு என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டனர். இருபத்தேழு வயதிலே இஃது என்ன நோய் என்று அவர் தாயார் எம்மிடம் வந்து கலங்கினார். ஒருவர் பிழைப்பையே நிறுத்திவிடவல்ல இவ்வெண் அப்பட்டைக்குள் எவ்வாறு பிறக்கின்றது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நலமென்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இதயம் சுருங்கும்போது இரத்தம் நாடிகளின் சுவரை மிகுதியாக அழுத்தும். தளரும்போது அவ்வழுத்தம் குறையும். முன்னதை மேல் எண் என்றும் பின்னதைக் கீழ் எண் என்றும் வழங்குகிறோம். இவ்வழுத்தத்தை முதன்முதல் அளந்து காட்டியவர் வைத்தியர் அல்லர். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரின் திருச்சபைப் போதகரான ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர். ஒரு பெண்குதிரையின் நாடியைத் திறந்து, நீண்ட கண்ணாடிக் குழாயொன்றை அதனோடு இணைத்தார். இரத்தம் குழாயில் எட்டு அடி மூன்று அங்குலம் ஏறி நின்றது. இதனை அவர் 1733-இல் நூலாக வெளியிட்டார். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானதாகையால், அதே அழுத்தத்தைப் பாதரசத்தால் அளப்பின் இருநூறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமே போதும். இன்றும் நாம் மில்லிமீட்டர் பாதரசம் என்று கூறுவதன் காரணம் இதுவே.

மனிதரிடத்தில் நாடியை அறுத்துக் குழாய் செருகுதல் அன்றாடம் இயலுவதன்று. வெளியிலிருந்தே அளக்கும் வழியை 1896-இல் இத்தாலி தேசத்து ரிவா-ரோச்சி எளிமையாக்கினார். மேற்கையைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பையைக் கட்டி, அதில் காற்றை ஏற்றி, மணிக்கட்டில் நாடித் துடிப்பு மறையும் நிலையைக் குறித்தார். அப்பைக்கு அவர் சைக்கிளின் உட்குழாயைப் பயன்படுத்தினார் என்பர். 1905-இல் ருஷிய வைத்தியரான கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால், காற்று இறங்குகையில் தட்டும் ஓசை தோன்றி மறைவதைக் கண்டார். ஓசை தோன்றுமிடம் மேல் எண். மறையுமிடம் கீழ் எண்.

இக்காலத்து யந்திரத்திற்குச் செவி இல்லை. அதனுள்ளிருக்கும் சிறு பம்பு, மெல்லிய குழாய் வழியே பட்டைக்குள் காற்றைச் செலுத்துகின்றது. பட்டை உப்பிக் கையை நெருக்க, அழுத்தம் மேல் எண்ணைக் கடந்தவுடன் நாடி முற்றும் மூடிக்கொள்கின்றது. பிறகு வால்வு காற்றைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது. நாடி மெல்லத் திறந்து, ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து பட்டையிலுள்ள காற்றை உந்துகின்றது. அச்சிறு அலை அதே குழாய் வழியாகத் திரும்பி யந்திரத்திலுள்ள அழுத்த உணர்கருவியை எட்டுகின்றது. அலைகள் முதலில் சிறுத்திருந்து, வளர்ந்து, உச்சமடைந்து, மீண்டும் தேய்கின்றன. உச்சமடையும் நிலையிலுள்ள காற்றழுத்தமே நாடியின் சராசரி அழுத்தமாகும்.

ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். யந்திரம் நேரே கண்டறிவது அச்சராசரியை மாத்திரமே. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அலைகளின் ஏற்றத்தாழ்விலிருந்து, அதனைச் செய்தவர் அமைத்த கணக்கின்படி ஊகித்தே காட்டுகின்றது. ஆகவே திரையில் தோன்றும் எண்ணைச் சாசனம்போல் கருதிவிடலாகாது. கை நடுங்கினாலும், வண்டி குலுங்கினாலும், பக்கத்தில் கனத்த யந்திரம் அதிர்ந்தாலும், நாடி ஒழுங்கின்றித் துடித்தாலும் அலைகளின் வடிவம் கெடும். கணக்கும் அதனோடு கெடும்.

இனி, வைத்தியசாலைகளில் ஒரு நோயாளிக்கென்றே வைத்துப் பின் கழித்துவிடும் பட்டையைக் காண்போம். பழைய பட்டையில் துணியுறையும் அதனுள் தனியே ரப்பர்ப் பையும் இருக்கும். கழித்துவிடும் பட்டையில் பெரும்பாலும் தனிப் பை கிடையாது. மெல்லிய செயற்கைத் தாள்கள் இரண்டை ஓரங்களில் உருக்கி ஒட்டி, இடையிலுள்ள வெளியையே காற்றறையாக ஆக்கிவிடுகின்றனர். ஒரு மூலையில் குழாய் பொருத்தப்பட்டிருக்கும்; சுற்றி ஒட்டுவதற்கு இருபுறமும் பற்றுப்பட்டை உண்டு. நாடியின்மேல் அமைய வேண்டிய இடம் அம்புக்குறியால் காட்டப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் இரு கோடுகளையும் காணலாம். பட்டையைச் சுற்றியபின் அதன் ஓரம் இவ்விரு கோடுகளுக்கிடையே வந்து நின்றால்தான் அது அக்கைக்கு ஏற்றது. மலிவான இப்பொருளில் இருக்கும் மிகச் சிறந்த அறிவு இக்கோடுகளே என்பது என் எண்ணம். எனினும் அவற்றைப் பார்ப்பவர் அரியர்.

ஒருமுறை அளந்தவுடன் எறிந்துவிடுவதற்காக இது செய்யப்படவில்லை. ஒரு நோயாளி சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பும் வரை அவருக்கே உரியதாக இருக்கும். ஒருவர் கையின் வியர்வையும் கிருமியும் மற்றொருவர் கைக்குச் செல்லாமல் தடுப்பதே இதன் பயன். தீப்புண்பட்டோருக்கும், அறுவைச் சிகிச்சை பெற்றோருக்கும், குறைமாதக் குழந்தைகளுக்கும் இது பேருதவி. ஆனால் மெல்லிய தாளாகையால் மடிப்பு விழுந்தாலும், குழாய் முறுக்கிக்கொண்டாலும், இணைப்பில் காற்றுக் கசிந்தாலும் யந்திரம் மீண்டும் மீண்டும் காற்றேற்றி நோயாளியை வருத்தும்.

அளவைப் பற்றிய செய்திதான் யாவற்றினும் முக்கியமானது. காற்றறையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் நூற்றுக்கு 40 பங்கும், நீளம் 80 பங்கும் இருத்தல் வேண்டும் என்பது விதி. அகலம் குறைந்த பட்டையின் அழுத்தம் தோலளவில் நின்று ஓரங்களில் சிதறிப்போகும். ஆழத்திலுள்ள நாடியை மூட அதிகக் காற்று ஏற்ற வேண்டியதாகும். யந்திரம் அவ்வதிகக் காற்றையே இரத்தத்தின் அழுத்தமென்று எண்ணிக்கொள்ளும். ரிவா-ரோச்சியின் பட்டை ஐந்து சென்டிமீட்டர் அளவே அகலமுடையதாதலின் இக்குற்றம் அதில் இருந்தது. 1901-இல் ஜெர்மனி தேசத்து ரெக்லிங்ஹௌசன் இதனை எடுத்துக்காட்டி அகலப் பட்டையைப் பரிந்துரைத்தார். நூற்றிருபது ஆண்டுகள் சென்றபின்னும் பிழை நீங்கினபாடில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், மிகப் பெரிய பட்டை வேண்டியவர்க்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 மிகுந்து காட்டிற்று. சிறிய பட்டை வேண்டிய மெலிந்தவர்க்கோ அதே சாதாரணப் பட்டை 3.6 குறைத்துக் காட்டிற்று. முன்னவர் வேண்டாத மாத்திரையை உண்பர். பின்னவர் நோயிருந்தும் இல்லையென்று வீடு செல்வர்.

எம் அண்டை வீட்டு வாலிபரின் கையைத் தையற்கார நாடாவால் அளந்தேன். 38 சென்டிமீட்டர் இருந்தது. சாதாரணப் பட்டை 34 வரையுள்ள கைக்கே பொருந்தும். 35 முதல் 44 வரை பெரிய பட்டை வேண்டும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த செவிலிச் சகோதரியார் பெரிய பட்டையைத் தேடியெடுத்து, ஐந்து நிமிடம் பேசாது அமரச் செய்து, முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் நெஞ்சின் உயரத்தில் வைத்து அளந்தார். இருமுறையும் 136-க்கு மேற்படவில்லை. முன் கண்ட வேற்றுமை முழுவதும் பட்டையினாலேயே விளைந்தது என்று துணிந்து கூறேன். முதல் நாள் அவர் ரயிலைவிட்டு ஓட்டமும் நடையுமாகச் சென்றிருக்கிறார். கையும் தொங்கியபடி இருந்ததாம். நெஞ்சின் மட்டத்திற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே கை இருந்தாலே எட்டு மில்லிமீட்டர் அளவு மிகுந்து காட்டும்.

நம் மாகாணத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தினால் இப்பட்டை வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. வீடு வீடாகச் செல்வோர்க்குக் கழித்துவிடும் பட்டை ஏற்றதன்று. செலவும் குப்பையும் பெருகும். துடைத்துத் தூய்மை செய்யக்கூடிய பட்டைகளே அவர்களுக்குப் போதும். ஆனால் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றேனும் பையில் இருத்தல் வேண்டும். அவற்றோடு ஒரு நாடாவும் வேண்டும். நம் கல்லூரி வைத்திய அறையிலும் இன்றுவரை ஒரே பட்டைதான் தொங்குகின்றது. மற்ற இரண்டையும் வாங்கும்படி நிர்வாகத்தாருக்கு விண்ணப்பம் எழுதியுள்ளேன்.