தளர்ந்த திருகும் தலைப்புச் செய்தியும்

வானொலிப் பெட்டி ஒன்று திடீரென ஊமையாகிவிட்டால், அதனைத் திருத்த வருபவர் முதலிற் செய்வது யாது? மின்காந்த அலைகளின் இயல்பைப் பற்றி அவர் சிந்திப்பதில்லை. வயர் சுவரிற் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். அது சரியாயிருந்தால், பெட்டியின் முதுகைத் திறந்து, உள்ளேயுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல அசைத்துப் பார்க்கிறார். பெரும்பாலான பெட்டிகள் அந்த அசைப்பிலேயே தம் நோயைச் சொல்லிவிடும். எஞ்சிய சிலவற்றுக்கே நூலறிவு வேண்டியிருக்கும்.

உலகின் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களிலும் இத்தகையோர் இருக்கின்றனர். வயர் இழுப்பதும், பற்றாசு வைப்பதும், பம்பிக்கு எண்ணெய் மாற்றுவதும் அவர்தம் தொழில். காலையிற் பத்திரிகையைப் பிரித்து, பிரபஞ்சத்தின் விதிகள் யாவும் தகர்ந்தன என்ற பாணியில் ஒரு தலைப்பைக் காணும்போது அவர்களின் இதழோரத்தில் ஒரு புன்னகை அரும்பும். அது அறியாமையிற் பிறந்த ஏளனம் அன்று. கருவி எவ்வெவ்வாறு பொய் சொல்லும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்களின் புன்னகை அது. அந்தப் புன்னகைக்கு எவ்வளவு நியாயம் உண்டு, எந்த இடத்தில் அது பிழைத்துப் போகும் என்பதைக் கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றைக் கொண்டு காணலாம்.

2011 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆந் திகதி, ஒளியை விட வேகமாகச் செல்லும் துணிக்கைகள் காணப்பட்டன என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஜெனீவா நகருக்கு அருகேயுள்ள செர்ன் எனப்படும் ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையத்திலிருந்து நியூத்திரினோ என்னும் நுண்துணிக்கைகள் அனுப்பப்பட்டன. அவை நிலத்தை ஊடுருவிச் சென்று, ஏறக்குறைய 730 கிலோமீற்றருக்கு அப்பால், இத்தாலியின் கிரான் சாசோ மலையடியிற் குடையப்பட்ட ஆராய்ச்சிக்கூடத்தை அடைந்தன. அங்கே ஒப்பெரா என்ற பெயருடைய கருவி அவற்றின் வருகையைக் குறித்துக்கொண்டது. ஒளி அத்தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ, அதிலும் 60 நானோ செக்கன் முன்னதாக அவை வந்து சேர்ந்ததாகக் கணக்குக் காட்டியது. ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கினால் அக்கூறுகளில் ஒன்றே நானோ செக்கன். அற்பமான நேரமாயினும், அதற்குள் ஒளி 18 மீற்றர் சென்றுவிடும். ஐன்ஸ்டைன் 1905 இல் வகுத்த கொள்கையின் அடித்தளத்தையே அது தொட்டது.

பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? காலத்திற் பின்னோக்கிப் பயணஞ் செய்வது வரை கட்டுரைகள் எழுந்தன. ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர், இது மெய்யாயின் தொலைக்காட்சியிலே தம் உள்ளாடையைத் தின்று காட்டுவதாகச் சபதஞ் செய்தார். இத்தாலியக் கல்வி அமைச்சு இவ்வெற்றியைப் பாராட்டி விடுத்த அறிக்கை இன்னும் சுவையானது. செர்னுக்கும் கிரான் சாசோவுக்கும் இடையே சுரங்கம் அமைப்பதற்கு இத்தாலி ஏறக்குறைய நாலரைக் கோடி யூரோ உதவியது என்று அவ்வறிக்கை கூறியது. நியூத்திரினோவுக்குச் சுரங்கம் வேண்டுவதில்லை. மின்னேற்றம் இல்லாத அத்துணிக்கைக்குக் கற்பாறையும் காற்றும் ஒன்றே. 730 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் எங்கேயிருக்கிறது என்று இத்தாலிய மக்கள் பல நாள் சிரித்தனர்.

ஆராய்ச்சியாளரோ அத்தகைய அசட்டையுடையோர் அல்லர். பதினொரு நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 160 பேர் அக்குழுவில் இருந்தனர். தூரத்தை 20 சென்ரிமீற்றர் அளவிற்குத் துல்லியமாக அளந்தனர். 2009 இல் அப்பகுதியில் நிகழ்ந்த லாக்குவிலா பூகம்பத்தால் ஆராய்ச்சிக்கூடம் 7 சென்ரிமீற்றர் இடம்பெயர்ந்ததையும் அவர்களின் அளவை காட்டியது. மலை நகர்ந்ததைக் கண்டவர்களின் கண்ணுக்கு ஒரு திருகு தளர்ந்தது புலப்படவில்லை. கருவியோடு பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது. பெரிய பிழையைத் தேடுவோர் பலர். இணைப்பைத் தொட்டுப் பார்ப்போர் சிலர்.

நடந்தது இதுதான். மலைக்கு வெளியேயுள்ள நிலையத்திற்குச் செய்மதியிலிருந்து நேரக்குறிப்பு வந்து சேரும். அது ஒளித்துடிப்பாக மாற்றப்பட்டு, 8 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட கண்ணாடியிழை ஒன்றின் வழியே, நிலத்தின் கீழுள்ள தலைமைக் கடிகாரத்தை அடையும். வழியில் எவ்வளவு தாமதம் ஏற்படும் என்பதை முன்னரே அளந்து கணக்கிற் சேர்த்திருந்தனர். இழை கடிகாரத்தோடு சேருமிடத்தில் திருகி முறுக்கும் ஓர் இணைப்பு உண்டு. அது முற்றாக முறுக்கப்படவில்லை. அதனால் ஒளி மங்கலாக விழுந்தது. மங்கலான ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சுற்று, குறித்த மட்டத்தை எட்டச் சிறிது பிந்தியது. அந்தப் பிந்தல் சுமார் 73 நானோ செக்கன்.

நேரக்குறிப்புப் பிந்தினால் நியூத்திரினோ எவ்வாறு முந்தும் என்று நேயர்கள் கேட்கலாம். புகையிரத நிலையத்து மணிக்கூடு பத்து நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியாக எட்டு மணிக்கு வரும் வண்டி, அந்த மணிக்கூட்டின்படி ஏழு ஐம்பதுக்கே வந்துவிடும். பயணிகள் சாரதியைப் புகழ்வர். வண்டியோ என்றும் போல் ஓடியது. கிரான் சாசோவில் நடந்ததும் இதுவே. கடிகாரத்தின் உட்பொறியிலும் வேறொரு பிழை இருந்தது. அது எதிர்த்திசையில் சுமார் 15 நானோ செக்கனைக் குறைத்தது. 73 இலிருந்து 15 ஐக் கழித்தால் வருவது, உலகைக் கலக்கிய அந்த 60 க்கு வெகு அண்மையில் நிற்பதைக் காணலாம்.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. திருத்துநர்கள் அதனை நன்கு அறிவர். 2011 நவம்பரில், குறுகிய துடிப்புகளாக நியூத்திரினோக்களை அனுப்பிப் பரிசோதனையை மீண்டும் நடத்தினர். விடை 62 நானோ செக்கன். முந்திய முடிவு உறுதியாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் உறுதியானது திருகின் தளர்ச்சியே. அதே கடிகாரம், அதே இழை, அதே இணைப்பு. ஒரே சாட்சியை இரு தடவை விசாரித்துவிட்டு இரு சாட்சிகள் உண்டு என்று சொல்லலாகுமா?

வேறு சாட்சி எங்கேயிருந்தது? வானத்தில் இருந்தது. 1987 இல் அண்டைய நட்சத்திரத் தொகுதி ஒன்றில் வெடித்த நட்சத்திரத்தின் நியூத்திரினோக்கள், அதன் ஒளியிலும் சில மணி நேரமே முந்திப் பூமியை அடைந்தன. அந்தச் சில மணி நேரமும், வெடித்த நட்சத்திரத்தின் மேற்பரப்பை ஒளி எட்டுவதற்கு எடுத்த தாமதமே. ஒப்பெராவின் கணக்கு உண்மையாயிருந்தால், ஏறக்குறைய 168,000 ஒளியாண்டுத் தூரத்தில் அவை நான்கு ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்க வேண்டும். பௌதிக அறிஞர் பலர் தொடக்கத்திலேயே இதனைச் சுட்டிக்காட்டினர்.

இணைப்பின் தளர்ச்சி 2012 பெப்ரவரியில் வெளிவந்தது. எப்பொழுது தளர்ந்தது என்பதைக் கண்டுபிடித்த விதம் பாராட்டத்தக்கது. அதே மலைக்கூடத்தில் வேறொரு கருவியும் இயங்கிவந்தது. வானிலிருந்து வரும் மியுவோன் துணிக்கைகளிற் சில கிடையாக மலையை ஊடுருவி இரண்டு கருவிகளையும் கடந்து செல்லும். அவை கடந்த நேரங்களை ஒப்பிட்டபோது, 2008 ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 2011 டிசம்பர் வரை ஒப்பெராவின் நேரம் பிசகியிருந்தது தெரிந்தது. ஆக மூன்றாண்டுக்கு மேலாக அந்தத் திருகு அப்படியே இருந்திருக்கிறது. 2012 இல் நியூத்திரினோக் கற்றை மீண்டும் அனுப்பப்பட்டபோது, கிரான் சாசோவிலுள்ள நான்கு கருவிகளும் ஒளியின் வேகத்தையே காட்டின.

அதற்குள் மனிதர் சிலர் விலை கொடுத்துவிட்டனர். குழுவின் தலைவர் அந்தோனியோ எரெதித்தாத்தோவும், இணைப்பாளர் தாரியோ ஓத்தியேரோவும் 2012 மார்ச் இறுதியிற் பதவி துறந்தனர். அவர்கள் ஐன்ஸ்டைனை வீழ்த்திவிட்டதாகக் கொக்கரித்தவர்கள் அல்லர். தமக்கு விளங்காத ஓர் எண்ணை வெளியிட்டு, பிழையிருந்தாற் கண்டு சொல்லுங்கள் என்று உலகத்தைக் கேட்டவர்கள். அந்த வேண்டுகோள் தலைப்பெழுத்தில் ஏறவில்லை. ஆராய்ச்சியாளரைப் பார்த்துச் சிரிப்பதிலும் பார்க்க, தலைப்பு எழுதியவரைப் பார்த்துச் சிரிப்பதே நியாயம்.

செர்னில் இதற்கு முன்னரும் ஒரு நாடகம் நடந்தது. 2008 செப்டெம்பர் 10 ஆந் திகதி அங்குள்ள பெரிய துணிக்கை மோதுகருவி இயங்கத் தொடங்கியபோது, அதிலே கருந்துளை பிறந்து பூமியை விழுங்கிவிடும் என்ற அச்சம் பரவியது. ஒன்பதாம் நாள் கருவி நின்றது. காரணம் கருந்துளை அன்று. காந்தங்கள் இரண்டுக்கு இடையேயிருந்த மின்னிணைப்பு ஒன்றின் பற்றாசு சரியாகப் பிடிக்கவில்லை. அது சூடாகி உருகி, மின்பொறி பாய்ந்து, தொன் கணக்கில் ஹீலியம் வெளியேறிற்று. 53 காந்தங்களைத் திருத்தவேண்டி வந்தது; 2009 நவம்பரிலேயே கருவி மீண்டும் இயங்கியது. அத்தகைய இணைப்புகள் சுமார் 10,000 உண்டு. கெட்டது ஒன்று.

இனி அவுஸ்திரேலியாவுக்குச் செல்லலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பார்க்ஸ் என்னுமிடத்தில் 64 மீற்றர் அகலமுடைய வானொலித் தொலைநோக்கி ஒன்றுண்டு. 1998 முதல் அதன் பதிவுகளில் விசித்திரமான குறும்பொலிகள் அவ்வப்போது தோன்றின. விண்வெளியிலிருந்து வருவன போன்ற தோற்றம். ஆனால் எங்கோ அருகிற் பிறந்தவை என்பதற்கான அடையாளம். அவை பெரும்பாலும் வேலை நாட்களில், பகலுணவு வேளையை ஒட்டியே வந்தன. வானத்துப் பொருளுக்குப் பகலுணவு வேளை எதற்கு? 2015 இல் எமிலி பெற்றோஃப் என்னும் ஆய்வு மாணவியும் உடனாய்வாளரும் மர்மத்தை அவிழ்த்தனர். நிலையத்தில் உணவு சூடாக்கும் நுண்ணலை அடுப்பை, அது நின்று ஓயும்வரை பொறுக்காமல், யாரோ கதவைத் திறந்துவிடுகின்றனர். திறக்குங் கணத்தில் வெளியேறும் அலை, தொலைநோக்கியின் காதில் விழுகிறது.

இக்கதை வெளிவந்ததும் திருத்துநரின் புன்னகை உரத்த சிரிப்பாகிவிட்டது. அங்கேதான் அந்தப் புன்னகை வழி தவறியது. பார்க்ஸ் பதிவுகளிலேயே, 2001 இற் பதிவாகி 2007 இல் வெளியிடப்பட்ட வேறொரு வகைக் குறும்பொலி இருந்தது. அதுவும் அடுப்பின் வேலையே எனப் பலர் ஒதுக்க முற்பட்டனர். ஆயின் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் அதே 2015 ஆய்வு காட்டியது. பின்னர் வேறு நாடுகளின் தொலைநோக்கிகளும் அத்தகைய ஒலிகளை நூற்றுக்கணக்கிற் பிடித்தன. 2020 இல் நமது பால்வழியிலேயே, கடுங் காந்தமுடைய மடிந்த நட்சத்திரம் ஒன்றிலிருந்து அவ்வகை ஒலி வந்தது. அடுப்பைத் தேடிக் கண்டுபிடித்து நிறுத்தியமையாலேயே மெய்யான ஒலிக்கு மதிப்பு உயர்ந்தது.

கையாற் செய்யும் சோதனையின் முழு வலிமையையும் காட்டுவது இவற்றிலும் பழைய நிகழ்ச்சி ஒன்று. 1964 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஆர்னோ பென்சியாஸ், றொபேட் வில்சன் என்னும் இருவர் கொம்பு வடிவமான பெரிய அலைவாங்கி ஒன்றை வைத்து ஆராய்ந்தனர். எப்பக்கம் திருப்பினாலும் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டேயிருந்தது. இருவரும் கோட்பாடு வகுக்க ஓடவில்லை. நியூ யோர்க் நகரத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தனர். தறையிட்ட மூட்டுகளை அலுமினிய நாடாவால் ஒட்டினர். கொம்புக்குள் புறாக்கள் இரண்டு குடியிருந்தன. அவற்றைப் பிடித்துத் தூரத்துக்கு அனுப்பினர். புறாக்கள் திரும்பி வந்தன. எச்சத்தைச் சுரண்டிக் கழுவினர். இத்தனைக்குப் பிறகும் இரைச்சல் நின்றபாடில்லை. துடைக்கவும் முறுக்கவும் வேறொன்றும் எஞ்சாத நிலையிலேதான், அது பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து எஞ்சிய வெப்பம் என்ற விளக்கம் ஏற்கப்பட்டது. 1978 இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. புறா எச்சத்தைக் கழுவாமல் அச்செய்தியை வெளியிட்டிருந்தால், எந்தத் திருத்துநரும் அதனை நம்பியிரார்.

ஒப்பெராவின் மிகுதிக் கதையும் சொல்லத்தக்கது. அந்தக் கருவி வேகம் அளப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. ஒரு வகை நியூத்திரினோ வழியிலே மற்றொரு வகையாக மாறுகிறதா என்று காண்பதற்காகவே கட்டப்பட்டது. ஈயத் தகடும் நிழற்படச் சுருளும் அடுக்கிச் செய்த கற்கள் ஏறக்குறைய 150,000 அதிலே இருந்தன. ஒவ்வொன்றும் 8 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை. மாற்றம் நிகழ்ந்த கல்லைத் தேடியெடுத்து, உரித்து, கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துப் பார்க்கவேண்டும். முதலாவது 2010 இல் அகப்பட்டது. 2015 இல் ஐந்தாவது அகப்பட, மாற்றம் ஐயத்திற்கு இடமின்றி உறுதியாயிற்று. 2018 இல் கணக்கை முடித்தபோது பத்து இருந்தன.