கூப்பிடு தூரம்

மரக்கலத்தைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பல. நாவாய், வங்கம், கலம், தோணி, ஓடம், மிதவை என அவை அடுக்கடுக்காக வரும். கலத்தைச் செலுத்துவோனை மீகாமன் என்றனர் நம் முன்னோர். ஆயினும், கலத்தினுள்ளே ஒருவர் படுத்துறங்கும் இடத்துக்கு இன்று நாம் வழங்குவது கபின் என்னும் இரவற்சொல். அல்லது கப்பலறை என்னும் தொடர். அறை என்பது அறுத்து வகுக்கப்பட்ட இடம். ஒன்றாய்க் கிடந்த வெளியைச் சுவரிட்டு அறுத்தமையால் அஃது அறையாயிற்று எனலாம். அங்ஙனமாயின், ஒன்றுகூட வேண்டுமென்று புறப்படும் ஒரு குடும்பம், தன்னை அறுத்து வைக்கும் அறையை எவ்வாறு தெரிந்தெடுப்பது?

பண்டிதருக்குக் கப்பலிலே என்ன வேலை என்று வாசகர் நகைத்தல் கூடும். வேலை என்னுஞ் சொல்லுக்குக் கடல் என்றும் பொருளுண்டு என்பதை அவர்க்கு நினைவூட்டி மேலே செல்வேன்.

உல்லாசப் பிரயாணக் கப்பல் நமக்கு முற்றும் புதியதன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்னுங் கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்து சென்றது. ஆனால், ஈண்டு யான் கருதுவது வேறொரு பிரயாணம். 1983க்குப் பின்னர் நம் பிள்ளைகள் பலர் திசைதோறும் சென்றனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பேரப்பிள்ளைகள் பிறந்தனர். கைத்தொலைபேசியின் கண்ணாடியிலே அம்மம்மாவின் முகத்தைக் கண்டும் குரலைக் கேட்டும் வளரும் பிள்ளை, அம்மம்மாவின் மடியை அறியாது. மகள் வீட்டிலே மூன்று மாதம் சென்று தங்கினாலும், மகளும் மருமகனும் காலையிலே தொழிலுக்குச் செல்வர். பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்குச் செல்லும். வீடு காத்தலே முதியவர்க்கு எஞ்சும். கப்பலிலோ எவரும் தொழிலுக்குச் செல்வதில்லை. எவரும் அடுப்பு மூட்டுவதில்லை. மூன்று தலைமுறையும் ஏழு நாள் ஒரு கூரையின்கீழ் இருக்கும். பெற்றோரையும் பிள்ளையையும் ஒருங்கே கூட்டிச் செல்லும் இத்தகைய பிரயாணத்துக்குள்ள பெருமை இதுவே.

பிரயாண ஒழுங்கு செய்யும்போது, ‘அம்மா, உங்களுக்கு எப்படியான அறை வேணும்?’ என்று மகள் கேட்பாள். ‘எங்களுக்கு ஒரு மூலை காணும், பிள்ளை, நீங்கள் வசதியாய் இருங்கோ’ என்பது நம்மவர் விடை. எங்கும் பின்வரிசையிலே இருந்து பழகியோரின் பண்பு அது. போற்றத்தக்க பண்பே. ஆயினும், கப்பலறையைத் தெரிந்தெடுக்கும்போது அந்த விடை பொருந்தாது என்பதே யான் சொல்ல வந்தது.

வீட்டிலே மூலை என்றாற் பத்தடி. கப்பலிலே மூலை என்றால் என்ன? இக்காலத்துப் பெருங்கப்பல்கள் பல ஏறத்தாழ 300 மீற்றர் நீளமுடையன. பத்துக்கு மேற்பட்ட தளங்களையுடையன. மகள் குடும்பம் ஒன்பதாந் தளத்தின் பின்புறத்திலும், தாய்தந்தையர் மலிவு கருதி இரண்டாந் தளத்தின் முன்புறத்திலும் இருப்பின், இடையிலே நெடிய நடைவழிகள் உள்ளன. மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் நேரமும் உள்ளது. முழங்கால் நோவுடைய ஓர் அம்மம்மா அவ்வழியை நாளொன்றுக்கு எத்தனை முறை நடப்பாள்? இராப்போசனத்திலே மாத்திரம் பேரனைக் காண்பாள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து சென்றும் அயலூரிலே தங்கியவாறு ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு ஆராய்வோம். ரொறன்ரோவிலுள்ள மகள், மருமகன், ஒன்றரை வயதுப் பேரன், யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற தாய்தந்தையர் ஆக ஐவர். வன்கூவரிலே கப்பலேறி, அலாஸ்காவிலுள்ள ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிக்கன் ஆகிய துறைகளைக் கண்டு, வன்கூவருக்கே மீளும் ஏழு நாட் பிரயாணம். மாதம் ஜூன். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பெரும்பாலான கம்பனிகள் ஏற்பதில்லை. நம் பேரனுக்கு அத்தடை இல்லை. ஆயினும், கப்பலிலுள்ள சிறுவர் கழகங்கள் பெரும்பாலும் மூன்று வயதிலேயே கதவு திறக்கின்றன. அணையாடை நீங்காத குழந்தையைப் பொது நீச்சற்குளத்தில் இறக்கவும் விடார். எனவே, பகலிலும் அவன் அறையையே நாடுவான். கப்பலறை ஐவர்க்கும் படுக்குமிடம். அவனுக்கு அதுவே வீடும் முற்றமும்.

கப்பலறைகள் நால்வகையின. சாளரமில்லாத உள்ளறை ஒன்று. திறக்கமுடியாத கண்ணாடிச் சாளரமுடைய கடற்புற அறை மற்றொன்று. கதவைத் திறந்தாற் கடலை நோக்கி இருக்கத்தக்க பல்கனி அறை மூன்றாவது. இருக்கைக்கூடமும் பெரிய குளியலறையும் உடைய மாளிகை அறை நான்காவது. கட்டணமும் அம்முறையே ஏறும். உள்ளறை பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடி வரையுள்ளது. குழந்தைக்கட்டில் ஒன்றை அதனுள் விரித்தால் நடக்க இடம் அருகும். அக்கட்டிலைப் பெரும்பாலான கப்பல்களிற் கட்டணமின்றித் தருவர். ஆயின், பதிவு செய்யும்போதே கேட்டு வைத்தல் வேண்டும். சுவரிலிருந்து இறங்கும் மேற்கட்டில் சிறு குழந்தைக்கு ஆகாது.

அறையின் வகையினும் அறை அமைந்த இடம் முக்கியமானது. கப்பல் இருவகையாக ஆடும். முன்னும் பின்னும் ஏறியிறங்குவது ஒன்று. பக்கவாட்டிற் சாய்வது மற்றொன்று. முதலாவதை அறியத் துலாவை நினைத்தல் போதும். ஆடுகாலின் மேலுள்ள பகுதி அசைவது சிறிது. நுனியோ வானுக்கும் கிணற்றுக்குமாகப் போய்வரும். இரண்டாவதை அறியப் பனையை நினைத்தல் போதும். அடி நிற்கும், தலை ஆடும். ஆகவே, நீளத்திலே நடுவும் உயரத்திலே கீழுமாகிய இடமே ஆட்டங் குறைந்த இடம். இக்காலக் கப்பல்களின் இருமருங்கும் நீருள் நீளுஞ் செட்டைகள் பக்கச் சாய்வைப் பெரிதுங் குறைக்கின்றன. முன்பின் ஏற்றவிறக்கத்தை அவை தடுப்பதில்லை. கீழ்த்தளமும் நடுப்பகுதியும் ஒருங்கே வாய்க்காதபோது நடுப்பகுதியையே கொள்க.

வழியையும் நோக்குதல் வேண்டும். வன்கூவரிலிருந்து செல்லுங் கப்பல் பெரும்பாலுந் தீவுகளுக்கு உட்பட்ட ஒதுக்குக் கடலிலே செல்லும். இடையிலே குயீன் சாலட் கடற்பகுதியிற் சில மணித்தியாலம் மாத்திரம் திறந்த கடலின் அலை தாக்கும். சியாற்றிலிலிருந்து செல்லுங் கப்பல்களோ பெரும்பாலும் வன்கூவர்த் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கிற் செல்வன. குழந்தையோடு முதன்முறை செல்வோர்க்கு முன்னையதே தக்கது.

மேலும் அறை, கீழும் அறை என்றிருக்கும் அறையே ஓசையற்ற அறை. மேலே உணவு மண்டபம் இருப்பின் விடியுமுன்னரே கதிரைகள் இழுபடும். கீழே நாடகசாலை இருப்பின் நள்ளிரவு வரை வாத்திய முழக்கம் கேட்கும். கப்பலின் மூக்கருகே உள்ள அறைகளுக்கு, துறையடையும் விடியலிலே நங்கூரச் சங்கிலியின் ஓசை பள்ளியெழுச்சியாகும். கம்பனிகள் வெளியிடுந் தளவரைபடங்களிலே மேல்தளத்தையுங் கீழ்த்தளத்தையும் அருகருகே வைத்து நோக்கின் இவையெல்லாம் விளங்கும். அறையெண்ணைக் கம்பனியே தீர்மானிக்கட்டும் என்று விடும் மலிவுச் சீட்டும் உண்டு. தனியொருவர்க்கு அது இலாபம். அணித்தே இருக்க விரும்புங் குடும்பத்துக்கு அது சூது.

இவை எக்கடலுக்கும் பொருந்துவன. அலாஸ்காவுக்குச் சிறப்பாயுள்ளது வெளிச்சம். ஜூன் பிற்பகுதியிலே ஜூனோ நகரிற் சூரியன் காலை நான்கு மணிக்கு முன்னரே உதிக்கும். இரவு பத்து மணிக்குப் பின்னரே மறையும். பகற்பொழுது 18 மணித்தியாலத்துக்கும் மேல். மாலை ஏழு மணிக்கு உறங்கிப் பழகிய குழந்தையைப் பட்டப்பகலிலே உறங்கவைப்பது எங்ஙனம்? திரைச்சீலை ஓரளவே உதவும். உள்ளறையோ விளக்கணைத்த மாத்திரத்தே நள்ளிரவு. கட்டணத்தாற் கடையாய் நிற்கும் உள்ளறை, குழந்தையின் துயிலுக்குத் தலையாய அறையாகின்றது.

ஆனால், குழந்தை துயின்றபின் பெரியவர்கள் யாது செய்வர்? ஐவரும் ஓரறையில் இருப்பின் பேச்சுமில்லை, விளக்குமில்லை. இருந்து கதைக்க ஒரு திண்ணை வேண்டும். கப்பலின் திண்ணை பல்கனி. ஆகவே, மகளுக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் நடுப்பகுதியிலே ஓர் உள்ளறை. நடைவழிக்கு அப்பால் நேரெதிரே தாய்தந்தையர்க்கு ஒரு பல்கனி அறை. இவ்விரண்டின் கட்டணம் மாளிகை அறை ஒன்றின் கட்டணத்தினும் பெரும்பாலுங் குறைவு. குளியலறையும் இரண்டாகும், ஐவர்க்கு அது சிறு நன்மையன்று.

பல்கனியை முதியவர்க்குக் கொடுப்பது எதற்கு? மரியாதைக்காக மட்டுமன்று. ரொறன்ரோ நேரத்துக்கும் அலாஸ்கா நேரத்துக்கும் நான்கு மணித்தியால வேறுபாடு. அங்கே காலை ஏழு மணிக்கு விழிக்கும் பிள்ளை, இங்கே முதற் சில நாட்கள் மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ விழிப்பான். அந்நேரத்தில் விழித்திருக்கக்கூடிய வேறிருவர் யார்? விடியற்காலையில் எழுந்தே பழகிய அம்மம்மாவும் அம்மப்பாவும். பெற்றவர்கள் உறங்கட்டும். பிள்ளையை வாங்கிக்கொண்டு எதிரறைக்கு வந்தால், வெளியே ஒளி பரந்திருக்கும். மலையுச்சியிற் பனி தெரியும். கீழே நீர் ஓசையின்றி விலகும். அவ்விரண்டு மணித்தியாலமும் அம்மூவர்க்கே உரியன. மலை, அலை, பறவை என்று பேரனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அதனினும் நல்ல பள்ளிக்கூடம் உண்டோ? அச்சொற்களைச் சொல்லுங் குரலுக்கு ஒரு மடியும் உண்டு என்பதை அவன் அங்கே அறிவான். மூலை கேட்டவர்கள் இழப்பது இதனையே.

பேரன் நண்பகலில் உறங்கும்போதும் பல்கனி பயன்படும். கிளேசியர் குடாவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களையே விடுவர். அங்கே மார்ஜரி என்னும் பனியாற்றின்முன் கப்பல் மெல்லத் திரும்பி இருபக்கத்தார்க்கும் அதனைக் காட்டும். ஆதலால், இடப்பக்கமா வலப்பக்கமா என்று அலமருதல் வேண்டா. உறங்கும் பிள்ளைக்குக் காவலிருக்க ஒருவர் மேல்தளத்தைத் துறக்க வேண்டியதுமில்லை.

பொருள்வளம் இருப்பின், இணைகதவுடைய இரண்டு பல்கனி அறைகளைக் கொள்ளலாம். அடுத்தடுத்த அறை வேறு, இணைகதவு அறை வேறு என்பதை மறத்தல் கூடாது. முன்னையதிற் சுவரே உண்டு. பின்னையதிற் சுவரிலே ஒரு கதவும் உண்டு. நமது நாற்சார் வீட்டிலே அறைக்கு அறை வேறாயினும் முற்றம் ஒன்றாயிருத்தல் போல்வது இது. இவ்வறைகள் சிலவே ஆதலால் முற்கூட்டியே பதிய வேண்டும். இணைகதவுக்கு அப்பால் அந்நியர் இருப்பின் அவர் பேச்சும் நம்மறையிற் கேட்கும். அப்போது அக்கதவு நன்மையன்று, தீமையே.

திண்ணை என்றேன்; ஆயின், இத்திண்ணைக்குக் கீழே கடல். பல்கனியின் தடுப்பு ஒரு மீற்றருக்குக் குறையாதிருத்தல் சர்வதேச விதி. ஒன்றரை வயதுப் பிள்ளை தானாக அதன்மேல் ஏறான். கதிரை அருகிலிருப்பின் ஏறுவான். அறைக்குள் நுழைந்தவுடன் கதிரையையும் மேசையையுந் தடுப்பினின்று விலக்குதல், பெரியவர் கைபிடித்தன்றிப் பிள்ளையை அங்கே விடாமை, கதவைத் தாழிட்டே வைத்தல் ஆகிய மூன்றும் முதல்நாளே பழகவேண்டியவை.

2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆந் திகதி, இத்தாலியின் கிக்லியோ தீவருகே கொஸ்ரா கொன்கோர்டியா என்னுங் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது; 32 பேர் மாண்டனர். அன்று மாலை கப்பலேறியோர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்கவில்லை. 2015 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து, கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனோ அப்பயிற்சி நடத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. ஆபத்து வேளையிலே மின்தூக்கி உதவாது. ஆகவே, படிக்கட்டுக்கு அண்மையான அறை முதியவர்க்கும் குழந்தையேந்திய தாய்க்கும் நன்று. குழந்தைக்கேற்ற மிதவையங்கியை முதல்நாளே கேட்டுப் பெற்றுக்கொள்க.

அறை என்பது அறுப்பது. அறுத்தலும் வேண்டியதே, இரவிலே அவரவர்க்கு அவரவர் உறக்கம் வேண்டுமன்றோ? அறுத்த இடத்திலே கடக்கத்தக்க தூரம் எவ்வளவு என்பதே கேள்வி. நம்மூரிலே கூப்பிடு தூரம் என்று ஓரளவு உண்டு. அதற்கு முழக்கோல் இல்லை, குரலே கோல். ஒரு குரலுக்கு மறுகுரல் வரும் எல்லையே உறவின் எல்லை எனக் கண்டனர் நம்மவர். முற்றத்துக்கும் ஒழுங்கைக்கும் வகுத்த அவ்வளவு, அலாஸ்காக் கடலிலே மிதக்குங் கலத்துக்கும் பொருந்தும். ஆகவே, எப்படியான அறை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும்போது, பெற்றோரே, விலையையும் வகையையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். தூரத்தை மாத்திரம் நீங்கள் சொல்லுங்கள். ‘விடியப்புறம் பிள்ளை எழும்பினால் எங்கடை கதவைத் தட்டு’ என்பதே அதற்குரிய விடை.